ரெண்டு பன்னியும் ஒரு லைசன்ஸும்

"பன்னி எவிடெ?"

வாசலில் நின்று அந்தப் பெண் கேட்டாள். ஹெல்த் இன்ஸ்பெக்டர். இருபத்தாறு, இருபத்தேழு வயதுக்கு மேல் இருக்காது. அவள் கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது, என் கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது. என் கையில் கொக்கி பாதி தைத்த ரவிக்கை ஒன்று இருந்தது.

பன்றி எங்கே என்று அவள் கேட்டது மலையாளத்தில். ஆனால் எங்கள் பக்கத்தில் பன்னிக்குத் தனித்தனி மொழி கிடையாது. கேரள எல்லையில் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் எந்த வீட்டில் எந்த மொழியில் கேட்டாலும் பன்னி பன்னிதான்.

மதிலுக்கு அந்தப் பக்கம் வில்சன் சார் நின்றார். எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். தேய்த்து மடித்த கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். மரண வீட்டுக்குக்கூட அவ்வளவு வெள்ளையான கைக்குட்டை கொண்டுவந்து நான் பார்த்ததில்லை.

என் பக்கத்தில் இவர். என் கணவர் ஞானதாஸ். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து அவரும் ரிட்டயர் ஆனவர்தான். யூனிஃபாரமோ அடையாள அட்டையோ போட்ட ஆளைக் கண்டால் இப்போதும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். அன்றைக்கும் போட்டுக்கொண்டார்.

போன வாரம் இந்தப் பத்தியில் நான் எழுதியதைப் படித்துவிட்டு இவர் என்னோடு ஒரு நாள் பேசவில்லை. இந்த வாரத்தைப் படித்தால் ஒரு மாதம் பேசமாட்டார். பரவாயில்லை, எனக்கும் தைக்க வேண்டிய துணி நிறையக் கிடக்கிறது.

ஜோடி

ரிட்டயர் ஆன ஆண்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. தெரிந்தால் ஆயுள் முழுக்க வேலை கொடுத்திருக்கும். முதல் மாதம் இவர் கோழி வளர்க்கப்போவதாகச் சொன்னார். இரண்டாவது மாதம் காளான். மூன்றாவது மாதம் ஒரு நாள் நெய்யாற்றின்கரைக்குப் போனவர், ஒரு அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எங்கள் மகன் பிறந்தபோதுகூட அவர் அப்படி அணைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

பெட்டிக்குள் இரண்டு பிராணிகள். வால் இல்லை, காது வாடின வெற்றிலை போல. முயலும் இல்லை, எலியும் இல்லை.

"கினிப் பன்னி ஆக்கும்," என்றார். "ஒரு ஜோடி. இது ராஜா, இது ராணி. ஆறு மாசத்துல பாரு, வீடு நெறயும்."

"வீடு ஏற்கனவே நெறஞ்சுதான் கெடக்கு, கேட்டியளா," என்றேன்.

தமிழில் இதைச் சீமைப் பெருச்சாளி என்றும் சொல்வார்களாம். அந்தப் பெயரை மட்டும் இவர் அன்றைக்கு ஊருக்குள் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

கூட்டை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. இவருடைய அறையில் இடம் உண்டு, ஜன்னல் உண்டு. ஆனால் அங்கே டிவி உண்டு, பகல் தூக்கம் உண்டு. "பகலு முழுக்க நீ தையல் ரூம்ல தானே இருக்க, உனக்கு ஒரு தொணையாச்சு," என்று சொல்லி என் மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். நான் வெட்டிப்போட்ட துணித்துண்டுகளையே அதுகளுக்கு மெத்தையாகப் போட்டார். எனக்கு உதவி செய்கிறாராம்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொத்தமல்லித் தழையைக் கண்டால் இரண்டும் விசில் அடிக்கும். எனக்கும் ஒரு மாதிரி பிடித்துத்தான் போனது, மறைக்கவில்லை. அதுகள் வந்து மூன்று மாதம் தாண்டியது. ராஜா இடுப்பை ஆட்டி ஆட்டி நடக்க ஆரம்பித்தான். தொண்டைக்குள் ர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே கூட்டைச் சுற்றி வந்தான். அவன் போன வழியெல்லாம் ஒரு வாடை. ராணியும் அதையே செய்தது. ராணியின் வாடை ராஜாவினுடையதைவிட ஒரு படி கூடுதல்.

"பெண்ணுக்கு நாணம் வந்திருக்கு," என்றார் இவர்.

மணம்

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு வசதி உண்டு. மல்லிகைப் பூவும் மணக்கும், அழுகின மீனும் மணக்கும். எல்லாம் மணம்தான். மதுரையிலிருந்து வந்த என் சித்தி மகளிடம் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி "நீங்க வந்த காரு பயங்கரமா மணக்குது" என்று சொல்ல, அவள் சந்தோஷப்பட்டு "சென்ட் போட்டிருக்கோம்" என்றாள். வழியில் பிள்ளை வாந்தி எடுத்திருந்தது.

அதனால் கமலம் வந்து "மணம்" என்று சொன்னபோது நான் முகத்தைப் பார்த்துத்தான் அர்த்தம் பிடிக்கவேண்டியிருந்தது. கமலம் பதினைந்து வருடமாக என்னிடம் தைக்கிறவள். போன வாரம் வாங்கிப்போன ரவிக்கையோடு திரும்பி வந்தாள்.

"லீலாக்கா, ஒண்ணும் நெனைக்கப்பிடாது. பிளவுசுக்கு ஒரு மணம் உண்டு."

"என்ன மணம்?"

"கெடா ஆட்டுக்க மணம் போல ஆக்கும். கோயில்ல பக்கத்துல இருந்தவ எழும்பி அங்கால போயி இருந்தா."

ரவிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டேன். அவள் மகளுக்குக் கெட்டு வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தைக் கெட்டு என்போம். கெட்டுக்கான வெள்ளைச் சேலையின் ரவிக்கையை நான்தான் தைப்பேன் என்று முன்பே பேச்சு. அந்தத் துணி என்னிடம் வரவே இல்லை. களியக்காவிளையில் யாரிடமோ கொடுத்தாளாம். அதை அவள் சொல்லவில்லை, கல்யாணத்தன்று பெண்ணின் தோள்பட்டையைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். கை தூக்கினால் பிடிக்கிற தையல் என்னுடையது ஆகாது.

வீடு இவர் பெயரில். ரப்பர் நிற்கிற பத்து சென்டும் இவர் பெயரில். பைக் மகன் பெயரில். என் பெயரில் இருப்பது இந்தத் தையல் அறைக்கு எடுத்த கடை லைசன்ஸ் ஒன்றுதான், கண்ணாடிச் சட்டம் போட்டு மெஷினுக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். கமலம் போன அன்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

எங்கள் வீட்டு ஆண்கள்

ஆண் நாற்றம் எனக்குப் புதிது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மகன் ஜெபின் பத்தாம் வகுப்பு படித்தபோது அவன் அறைக்குள் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், சாக்ஸை இரண்டு விரலால் எடுத்து, ஓடி வந்து வெளியே மூச்சு விட்டிருக்கிறேன். அது போதாதென்று வளைகுடாவிலிருந்து அவன் மாமா கொண்டுவந்த ஸ்ப்ரேயை அதன்மேல் அடிப்பான். இரண்டும் சேர்ந்து வருகிற மூன்றாவது வாடைக்கு எந்த மொழியிலும் பெயர் இல்லை.

அவன் கண்ணாடி முன்னால் இடுப்பை ஒடித்து நின்ற காலமும் அதுதான். தொண்டை உடைந்து ர்ர்ர் என்று பேசிய காலமும் அதுதான். யாரும் அவனைப் பற்றிப் பஞ்சாயத்துக்கு எழுதவில்லை. "ஆம்பிளப் பிள்ள, வளருகான்" என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் துவைத்தேன்.

இவரைப் பற்றி என்ன சொல்ல. முப்பது வருடம் பஸ்ஸில் வியர்த்த காக்கிச் சட்டைகளைத் துவைத்த கை இது. சோப்புக் கம்பெனிக்காரன் எனக்குச் சிலை வைக்கவேண்டும்.

வைத்தியம்

கமலம் போனதும் நான் இவரிடம் ஒரு குதி குதித்தேன். இவர் வைத்தியத்தில் இறங்கினார்.

முதலில் புல்தைலம் ஊற்றித் தரையைத் துடைத்தார். எங்கள் பக்கத்தில் எந்த வாடைக்கும் அதுதான் மருந்து. அறை முழுக்க எலுமிச்சைப் புல் வாசனை. ராஜாவும் ராணியும் தும்மிக்கொண்டே, இது யாருடைய வாடை எங்கள் ராஜ்யத்தில் என்று கோபப்பட்டு, நான்கு மூலையிலும் புதிதாக மூத்திரம் பீய்ச்சின. அடுத்து சாம்பிராணி. அதற்கும் அதே மரியாதை. கடைசியில் ராணியை வாளியில் போட்டுக் குளியல் சோப்பால் தேய்த்துக் குளிப்பாட்டினார். மறுநாள் அது மூக்கு ஒழுகிச் சுருண்டு கிடந்தது. கொத்தமல்லியைக் காட்டினால்கூடத் தலை தூக்கவில்லை.

மிருகாஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். இவருக்கு அன்றைக்கு இடுப்பு வலி. டாக்டர் ராணியைத் தூக்கி மல்லாத்திப் பார்த்தார். அடிவயிற்றை விரலால் லேசாக அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்க பேரு என்ன சொன்னிய?"

"ராணி."

"ராணி ஆணாக்கும்."

நர்ஸ் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அரை வருடத்தில் நிறையப்போகிற வீட்டை நினைத்துச் சிரித்தேன்.

அந்த டாக்டர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். "பையன்மாருக்கு வயசு வரும்போ இப்பிடித்தான். நான் இஞ்ச இருக்கேன்னு ஊருக்குச் சொல்லுது, அவ்வளவுதான். ஒரே கூட்டுல ரெண்டு பேரு இருந்தா, ஒருத்தன் சொன்னதுக்கு மேல மத்தவன் சொல்லுவான்." வால் இருக்கவேண்டிய இடத்துக்குச் சற்று மேலே ஓர் இடத்தைக் காட்டினார். முடி பிசுபிசுவென்று மெழுகு பிடித்துக் கிடந்தது. வாடையின் ஊற்று அதுதானாம். தேங்காய் எண்ணெய் இரண்டு துளி விட்டு ஊறவைத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும். பின்பக்கத்தில் ஒரு மடிப்பு உண்டு, அதற்குள்ளும் அழுக்குச் சேரும், அதையும் எண்ணெய் தொட்ட பஞ்சால் துடைக்கவேண்டும். முழுக் குளியல் கூடாது. புல்தைலம் கூடவே கூடாது. கூட்டை இரண்டாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவேண்டும். விரிப்பைத் தினமும் மாற்றவேண்டும், ஆனால் பழையதில் ஒரு பிடி விட்டுவைக்கவேண்டும். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழுவிவிட்டால், நம் இடம் பறிபோனது என்று பயந்து இன்னும் அதிகமாக அடையாளம் போடுமாம்.

"அப்போ மணம் போகுமா டாக்டரே?"

"குறையும். தெனமும் செய்யணும். யாரு செய்யது?"

நான் ராணியைப் பெட்டிக்குள் எடுத்துவைத்தேன். டாக்டர் மறுபடி கேட்கவில்லை. கல்யாணம் ஆனவராக இருக்கவேண்டும்.

வீட்டுக்கு வந்து இவரிடம் எல்லாம் சொன்னேன். நான்கு நாள் செய்தார். ஐந்தாம் நாள் கிரிக்கெட். ஆறாம் நாளிலிருந்து, தையலுக்கு உட்காரும் முன்னால் இரண்டு ஆண்பிள்ளைகளின் பின்பக்கத்தைத் துடைப்பது என் வேலை ஆயிற்று. துணி வெட்டும் முன் கையை மூன்று தடவை கழுவுவேன். முடியாத நாளில் வாடை ஏறும். ஏறினால் இவர், "லீலா, இன்னைக்கு செய்யல்லியா?" என்று டிவி அறையிலிருந்து கேட்பார்.

கினி காணாமல் போன கதை

இவர் காலையில் சாயாக் கடைக்குப் போவார். அங்கே எல்லாரிடமும் ஏதாவது ஒரு பெருமை உண்டு. ஒருவருக்கு மகள் நர்ஸாக அயர்லாந்தில், ஒருவருக்கு ஆரியங்கோட்டில் ஐந்து ஏக்கர் ரப்பர். இவரிடம் என்ன இருந்தது?

"வீட்டுல பன்னி வளக்குதேன்," என்றாராம்.

கினி என்ற சொல்லை வாய்க்குள்ளேயே விட்டுவிட்டார். மறந்துபோனது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். மறக்கவில்லை. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிராணியை வைத்துக்கொண்டு ரப்பர்க்காரன் முன்னால் எப்படி நிமிர்ந்து உட்காருவது? பன்னி என்றால் ஒரு கனம் உண்டு, அதுதான்.

"எத்தன உண்டு?" என்று கேட்டிருக்கிறார்கள்.

"இப்ப ரெண்டு. பெருகும்," என்றிருக்கிறார். ராணியின் விஷயம் தெரிந்த பிறகும் இதைச் சொல்லியிருக்கிறார் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும்.

அந்த பெஞ்சில்தான் வில்சன் சாரும் இருந்தார். எங்கள் பக்கத்திலிருந்து ஏதோ வாடை வருகிறது என்று அவருக்கு ஏற்கனவே சந்தேகம். இப்போது சாட்சி கிடைத்துவிட்டது. முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் எழுதிய மனுக்களைக் கட்டுக்கட்டாக அடுக்கிவைத்த கை, சொந்தமாக ஒன்று எழுதத் துடித்திருக்கும். எழுதினார்.

நோட்டீஸ் வந்தது. மலையாளத்தில் முக்கால் பக்கம். தையல் கடை நடக்கும் கட்டிடத்தில் அனுமதி இல்லாமல் பன்றி வளர்ப்பதாகப் புகார் கிடைத்துள்ளது, நேரில் பரிசோதனை நடக்கும், உண்மை என்று கண்டால் கடை லைசன்ஸ் ரத்தாகும். மேலே என் பெயர். நான் அந்தத் தாளை இரண்டு தடவை படித்தேன். காரக்கோணத்து நர்சிங் பிள்ளைகளின் யூனிஃபாரம் இருபத்திரண்டு, வெட்டி வைத்து, தைக்காமல் கிடந்தது.

"சும்ம இரி, அவிய வந்து பாத்தா சிரிச்சுட்டுப் போவாவ," என்றார் இவர். "நான் பேசிக்கிடுதேன். ஆபீசருமாரிட்ட எப்பிடிப் பேசணும்னு எனக்குத் தெரியும்."

அவர் பேசினார்

ஆக, வாசலுக்கு வருவோம்.

"பன்னி எவிடெ?" என்று கேட்ட பெண்ணை உள்ளே கூட்டிப்போனேன். வாசற்படியில் அவள் நின்று மூக்கைச் சுருக்கினாள். வாடை மதில் பக்கத்திலிருந்து வந்தது. வில்சன் சாரின் கொட்டகையில் ஒட்டுப்பால் மூட்டை அடுக்கியிருந்தார். மரத்தில் உறைந்த ரப்பர் பாலை உரித்துச் சாக்கில் கட்டிவைப்பது அது. மழைக்காலத்தில் அது அடிக்கிற நாற்றத்துக்குப் பிணம் எழுந்து ஓடும்.

"அது எந்தா?" என்றாள்.

"அது ரப்பரல்லே," என்றார் வில்சன் சார், கைக்குட்டைக்குள்ளிருந்து. இவரும் தலையாட்டினார். அவளும் தலையாட்டினாள். ரப்பர் விஷயம் அதோடு முடிந்தது.

தையல் அறையில் இரண்டு கூடுகள். ராஜா ஒன்றில், ராணி ஒன்றில். அவள் குனிந்து பார்த்தாள். ராணி ர்ர்ர்ர் என்று இடுப்பை ஆட்டிக்கொண்டு கம்பிவரைக்கும் வந்தான்.

"இதாணோ பன்னி?"

அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போனில் படம் எடுத்தாள். எனக்கும் உயிர் வந்தது. அதற்குள் அவள் மறுபடியும் ஆபீசர் ஆகிவிட்டாள். வாடை இருக்கிறது என்றாள். மக்கள் உடுத்துகிற துணி தைக்கிற அறையில் பிராணியை வைக்கக்கூடாது என்றாள். அது நியாயம்தான், நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, பேனாவை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இது ஆருடெயா?"

யாருடையது. சாதாரணக் கேள்வி. நான் இவரைப் பார்த்தேன். ஆபீசருமாரிட்டப் பேசத் தெரிந்தவரைப் பார்த்தேன்.

இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அவளுக்க ஆக்கும் மேடம்," என்றார். "எனக்க ஒண்ணும் இல்ல. நான் அப்பமே வேண்டாம்னு சொன்னேன்."

முப்பது வருடம் இவரோடு வாழ்ந்திருக்கிறேன். கோபத்தில் தட்டை வீசியிருக்கிறார், நானும் சட்டியை வீசியிருக்கிறேன். எதுவும் இப்படி வலித்தது இல்லை. லைசன்ஸ் என் தலைக்கு மேலே தொங்குகிறது, அது போகுமோ இருக்குமோ என்று நான் நிற்கிறேன், இந்த மனிதர் இரண்டு எலியைக்கூடத் தன்னுடையது என்று சொல்ல மாட்டேன் என்கிறார். அட சவமே, என்று வாய்வரைக்கும் வந்தது. ஆபீசர் முன்னால் விழுங்கினேன்.

"ஆமா," என்றேன். "எனக்கதான்."

அவள் எழுதினாள். உடமஸ்த, லீலா. உடைமைக்காரி என்று அர்த்தம். பன்றிப் பண்ணை எதுவும் இல்லை. இரண்டு கினிப் பன்றிகளை இன்றே தையல் அறையிலிருந்து மாற்றவேண்டும். எங்கே வைப்பது என்பது உடமஸ்தயின் தீர்மானம். வாடை வராமல் பார்ப்பதும் உடமஸ்தயின் பொறுப்பு. அடுத்த மாதம் சொல்லாமல் வந்து பார்ப்பேன், அதுவரை லைசன்ஸுக்குக் கேடு இல்லை. கையெழுத்துப் போட்டேன். நகல் ஒன்று தந்தாள்.

அவள் போனதும் இவர் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டு, "பாத்தியா, நான் பேசினதும் முடிஞ்சுல்லா," என்றார். சாயா வேண்டும் என்றார்.

நான் சாயா போடவில்லை. இரண்டு கூடுகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இவருடைய அறையில் கொண்டுவைத்தேன். கட்டிலின் தலைமாட்டில், ஜன்னலுக்கும் டிவிக்கும் நடுவில், பக்கத்தில் பக்கத்தில். தேங்காய் எண்ணெய்க் குப்பியையும் பஞ்சையும் டிவி மேல் வைத்தேன்.

"எடி, இது என்னத்துக்கு இஞ்ச?"

"எனக்க பன்னி எங்க கெடக்கணும்னு நான் ஆக்கும் தீருமானிக்கது." நகலைக் காட்டினேன். "எழுத்து உண்டு, வாசிங்கோ."

"இதுக்க மணத்துல மனுசன் எப்பிடி டீ ஒறங்குவான்?"

"பராதி உண்டெங்கி பஞ்சாயத்துல எழுதிக் குடுங்கோ," என்றேன். "உடமஸ்த மேல நடவடிக்க எடுப்பாவ."

வாசலைச் சாத்திவிட்டு வந்து மெஷினில் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு யூனிஃபாரம். அன்றைக்கே மூன்று முடித்தேன்.

மறுமாதம் அந்தப் பெண் சொல்லாமல் வந்தாள். இவருடைய அறைக்குள் போய் மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், ஒரு வாடையும் இல்லை. ராணியின் முடி சீவினதுபோல மினுங்கியது. "நல்ல விருத்தியுண்டு சேச்சீ," என்று சுத்தத்துக்காக என்னைப் பாராட்டி, நோட்டுப் புத்தகத்தில் என் பெயருக்கு நேரே எழுதிக்கொண்டாள். இவர் பஞ்சை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.